கேட்காமல் கொடுத்த விடுமுறை

தொழில் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒருவர் போன வாரம் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். ஒரு வட்டாரத்தில் பல மதத்தவர் கலந்து வாழ்வது தொழில் வளர்ச்சிக்கு உதவியா, இடைஞ்சலா? நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் இருந்தவர், "பண்டிகை அதிகம், லீவு அதிகம், உற்பத்தி குறையத்தான் செய்யும்" என்று பதிலே சொல்லிவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதே பதிலை நான் ஒரு காலத்தில் டைப் அடித்து, கையெழுத்துப் போட்டு, அரியமங்கலம் தொழிற்பேட்டையின் நோட்டீஸ் போர்டில் ஒட்டியவன். அதற்கப்புறம் நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

அறுபதுகளின் நடுப்பகுதி. திருச்சிக்குக் கிழக்கே பெரிய தொழிற்சாலை ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. டீக்கடை, பஸ், கல்யாண வீடு எங்கே போனாலும் அதே பேச்சு. பெரிய ஆலை வந்தால் அதற்கு வேண்டிய சின்னச் சின்ன சாமான்களைச் செய்ய நூறு பட்டறை வேண்டுமே, அது நம் ஊரில் ஏன் இருக்கக் கூடாது என்று எனக்கு ஒரே துடிப்பு. எனக்கு அப்போது வயது இருபத்தாறு. உப்பிலியபுரத்தில் கடலையும் சோளமும் போடும் வீட்டிலிருந்து படித்து வந்தவன். பேட்டையில் பட்டறை வைத்திருப்பவர்களுக்கு ஆர்டர் பிடித்துக் கொடுப்பதும், அவர்களுடைய தலைவலியை என் தலையில் வாங்கிக்கொள்வதும்தான் உத்தியோகம்.

ஆலையின் என்ஜினீயர் ஒருவரை எட்டு மாதம் விடாமல் துரத்தி, கடைசியில் ஒரு சோதனை ஆர்டர் வாங்கினேன். முந்நூறு வால்வு மூடி. வார்ப்பிரும்பில் ஊற்றி, கடைந்து, சரிபார்த்துக் கொடுக்க வேண்டும். "தை பிறக்கறதுக்கு ஒரு வாரம் முன்னாடி நானே வந்து பார்ப்பேன். சரியா இருந்தா உங்க பேட்டை எங்க லிஸ்ட்ல ஏறும். இல்லன்னா கோயம்புத்தூர்ல வாங்கிக்குவோம்" என்றார் அவர். நான் ஆபீசுக்கு சைக்கிளில் திரும்பவில்லை, பறந்தேன்.

வேலையை மூன்று ஷெட்டுக்குப் பிரித்தேன். முதலில் காதர் பாய். பழைய இரும்பு வியாபாரம் செய்த குடும்பம். இரும்பைக் கையில் எடுத்துப் பார்த்தே அதன் பூர்வோத்தரத்தைச் சொல்லிவிடுவார். நாற்பது வயது, சொந்தமாக உலை வைத்து வார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஊற்றியதைக் கடைய வேண்டியவர் ஆரோக்கியசாமி. நிரந்தரமான ரயில்வே வேலையை விட்டுவிட்டு ஒரே ஒரு லேத்தை நம்பி ஷெட் எடுத்தவர். கடைந்ததை அளந்து, தேறும் தேறாது என்று சொல்ல வேண்டியவர் ரங்கராஜன். ஸ்ரீரங்கத்துக்காரர். காலையில் நாமத்தோடு வந்து உட்கார்ந்தால் மயிரிழை பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவார்.

மூவரில் ஆரோக்கியசாமிக்குத்தான் இது வாழ்வா சாவா. இரண்டு வருஷமாக நிலையான வேலை இல்லை. மனைவி காட்டூரில் டீச்சர், அந்தச் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. ஆர்டர் வந்த அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "இது கெடைக்கலன்னா பொங்கல் கழிச்சு ஷெட்டைத் திருப்பிக் குடுத்துட்டு பம்பாய்க்குப் போயிடுவேன் சார். புள்ளைங்களை விட்டுட்டுப் போறதை நெனைச்சாலே தூக்கம் வரல."

அன்றைக்கே காலண்டரை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒவ்வொரு பண்டிகையாகச் சிவப்பு மையில் வட்டம் போட்டேன். அந்த வருஷம் ரம்ஜான் நோன்பு கிறிஸ்துமஸை ஒட்டித் தொடங்குகிறது. கிறிஸ்துமஸ் கழிந்து பத்து நாளைக்குள் வைகுண்ட ஏகாதசி. அதற்கு முன்னால் ஸ்ரீரங்கம் கோயிலில் பத்து நாள் பகல்பத்து, பின்னால் பத்து நாள் இராப்பத்து. காதர் பாய் ஊற்றாமல் ஆரோக்கியசாமி கடைய முடியாது. அவர் கடையாமல் ரங்கராஜன் அளக்க முடியாது. ஒருவர் நின்றால் மூவரும் நிற்க வேண்டும்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பெரிய மனிதத்தனமாக ஒரு முடிவெடுத்தேன். ஒருவர் சாமி கும்பிடும் நாளில் பக்கத்து ஷெட்டில் இரைச்சல் கேட்கக் கூடாது, யாருக்கும் மனக்குறை வரக் கூடாது. ஆகவே எல்லார் பண்டிகைக்கும் எல்லா ஷெட்டும் மூடியிருக்கும். நோன்பு இருப்பவர் உலைக்கு முன்னால் நிற்பது சிரமம். ஆகவே வார்ப்பில் நூறு மூடி வெளியூர்ப் பட்டறைக்குப் போகும். தவணை நீட்டிக்கச் சொல்லி என்ஜினீயருக்கு எழுதிக்கொள்ளலாம். எல்லாவற்றையும் டைப் அடித்து ஒட்டினேன். உப்பிலியபுரத்தில் ஏர்க் கொழுவும் கிணற்று உருளையும் வார்க்கும் செல்லமுத்து என்பவருக்கு, நூறு மூடி வார்க்கச் சொல்லி மாதிரியோடு கடிதமும் அனுப்பினேன். எனக்கு என்னைப் பற்றியே பெருமை தாங்கவில்லை. நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை ஆபீஸ் திறந்ததும் மூவரும் சேர்ந்து வந்தார்கள். காதர் பாய் கையில் என் நோட்டீஸ். பிய்த்தே கொண்டுவந்துவிட்டார்.

"என்ன சார் இது?"

"உங்க சிரமத்தை நெனைச்சுத்தான் பாய்..."

"நோன்பு எனக்கும் அல்லாவுக்கும் உள்ள விஷயம். உலை எனக்கும் உங்களுக்கும் உள்ள விஷயம். ரெண்டையும் யாரு சார் உங்களைக் கலக்கச் சொன்னா?"

அவர் குரலை உயர்த்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. ஆரோக்கியசாமி தன் பங்குக்கு ஆரம்பித்தார். "ஏகாதசிக்கு நான் எதுக்கு சார் கதவைச் சாத்தணும்? ஊரே அக்கரைக்கு, ஸ்ரீரங்கத்துக்குப் போயிடும், அன்னைக்குத்தான் எனக்கு நிம்மதியா லேத் ஓடும்."

ரங்கராஜன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி, "பெருமாளே கேக்காத லீவை நீங்க குடுத்திருக்கேளே ஸார்" என்றார்.

"யார் மனசும் புண்படக் கூடாதுன்னுதான்" என்று இழுத்தேன்.

"எங்களைக் கேட்டீங்களா?" என்றார் காதர் பாய்.

"இல்லை."

"கேட்டிருந்தா புண்படாமலே இருந்திருக்கும்."

என்னை அப்படியே அழைத்துக்கொண்டு பாயின் பட்டறைக்குப் போனார்கள். வார்ப்புக்குச் சலித்துக் கொட்டிய கருமணல் தரையெல்லாம் கிடந்தது. ரங்கராஜன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு கம்பியை எடுத்து அந்த மணலிலேயே நாட்களைக் கோடு போட்டார். நான் அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்ட கணக்கை அவர்கள் அரை மணி நேரத்தில் முடித்த அழகைப் பார்க்க வேண்டுமே!

"சஹர் சாப்பிட்டு, சுபுஹு தொழுதுட்டு உலையை ஏத்துனா ஒம்பது, ஒம்பதரைக்குள்ள ஊத்தி முடிச்சுருவேன். வெயில் ஏறுறதுக்குள்ள உலை ஆறிடும். நோன்புல எங்க வீட்ல எல்லாரும் விடியறதுக்கு முன்னாடியே முழிச்சிருப்போம் சார், ஆளை எழுப்புற வேலைகூட இல்ல" என்றார் பாய்.

"பகல்பத்துல பகலெல்லாம் எனக்குக் கோயில்ல கைங்கர்யம். காலம்பற முதல் பஸ்ல வந்து ரெண்டு மணி நேரம் பாத்துட்டு ஓடிடறேன். ஏகாதசிக்கு அப்புறம் பாசுரம் சொல்ற கோஷ்டி சாயங்காலம்தான், பகல் பூரா நான் இங்கதான். ஏகாதசி அன்னிக்கு மாத்திரம் என் கேஜையெல்லாம் ஆரோக்கியசாமி வச்சிண்டு அளந்துடட்டும்" என்றார் ரங்கராஜன்.

மிச்சம் இருந்தது கிறிஸ்துமஸ். அன்றும் மறுநாளும் லேத் நின்றால் எழுபது மூடி பின்தங்கும். பாய் மெல்லச் சொன்னார். "என் மச்சான் யூசுப் இருக்கான். உங்க சாமியாருங்க நடத்துற பட்டறைப் பள்ளிக்கூடத்துலதான் கடைசல் கத்துக்கிட்டான். ஆறு வருஷமா டவுன்ல லேத் ஓட்டுறான். ரெண்டு நாளைக்கு அவன் ஓட்டட்டுமே?"

ஆரோக்கியசாமி தயங்கினார். அவருடைய லேத்தை அவரைத் தவிர வேறு யாரும் தொட்டதில்லை. துடைப்பதற்குக்கூட ஆள் விடமாட்டார். கம்பியை வாங்கி, மணலில் கிறிஸ்துமஸுக்குப் போட்டிருந்த கட்டத்தைச் சுற்றிச் சுற்றிக் கிளறிக்கொண்டிருந்தார். அப்புறம் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து பாயிடம் நீட்டினார். "பெல்ட்டை மட்டும் இழுத்துப் புடிக்க வேணாம்னு சொல்லுங்க. கொஞ்சம் கோவக்கார லேத்து" என்றார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஆர்டர் கிடைத்த அன்றைவிட எனக்கு அதிக சந்தோஷம் அன்றுதான்.

இங்கேதான் நான் என் இரண்டாவது தப்பைச் செய்தேன். முதலாவது முட்டாள்தனம். இது அப்படியல்ல. நோட்டீசைக் கிழித்துப் போட்டேனே தவிர, உப்பிலியபுரத்துக் கடிதத்தை ரத்து செய்யவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பாயிடம் அதைச் சொல்லாமல், இப்போதைக்கு இருநூறு ஊற்றினால் போதும், மிச்சத்தை நான் சொன்னதும் ஊற்றலாம் என்று மட்டும் சொல்லிவைத்தேன்.

நோன்பு தொடங்கியது. காதர் பாய் சொன்னபடி ஒரு நாள்கூடத் தவறவில்லை. விடிகாலைப் பனியில் உலை செக்கச் செவேலென்று எரியும். நான் காட்டூரிலிருந்து வந்து சேரும்போது கடைசி அச்சில் ஊற்றிக்கொண்டிருப்பார்கள். கிறிஸ்துமஸ் அன்று யூசுப் லேத்தை ஓட்டினார். முப்பது வயதிருக்கும், ஒல்லியான உடம்பு, வாயே திறக்கமாட்டார், கை மட்டும் பேசும். பூசை முடிந்து புதுச் சட்டையோடு ஆரோக்கியசாமி இரண்டு தடவை வந்தார். உள்ளே வரவில்லை. வாசலில் நின்று லேத் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். "சும்மா இந்தப் பக்கம் வந்தேன்" என்றார் என்னிடம். மூன்றாவது தடவை அவர் மனைவியே வந்து, "பண்டிகை அன்னிக்கு மனுசன் எங்கதான் போயிடுறாரு, பாருங்க சார்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

அதற்கு இரண்டு நாள் கழித்து உப்பிலியபுரத்திலிருந்து லாரியில் நூறு மூடி வந்து இறங்கியது. ஆரோக்கியசாமி ஷெட்டில் இருந்தார். "என்ன சார், வெளியில குடுக்கறது வேணாம்னு பேசினோமே? பாய்க்குத் தெரியுமா?" என்றார்.

"தெரியும்" என்றேன்.

ஒரு சொல். இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது. அவர் நம்பி அதையும் கடைந்தார். கடைந்த பிறகு வார்ப்பின் மேல்தோல் போய்விடும். எது எந்த உலையில் வந்தது என்று யாருக்கும் தெரியாது. எல்லாம் ஒரே குவியலில் பளபளவென்று கிடந்தது.

வைகுண்ட ஏகாதசி விடிந்தது. என்ஜினீயர் வர இன்னும் மூன்றே நாள். திருச்சியே காவிரியைத் தாண்டி ஸ்ரீரங்கத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. நாங்கள் பேட்டையில் இருந்தோம். ஆரோக்கியசாமி ரங்கராஜனின் கேஜை வைத்து ஒவ்வொரு மூடியாக அளந்தார். எல்லாம் சரியான அளவு. எனக்கு விசிலடிக்கத் தோன்றியது. அப்போது ஒரு மூடி அவர் கையிலிருந்து நழுவி சிமெண்டுத் தரையில் விழுந்தது. விழுந்ததும் இரண்டாகப் பிளந்தது.

நான் குனிந்து எடுத்தேன். உடைந்த முகத்தில் சின்னச் சின்னக் குழிகள். உள்ளே காற்று புகுந்த வார்ப்பு. இது நீராவி அழுத்தத்தை ஒரு நிமிஷம் தாங்காது. "ஐயோ, மாதாவே" என்று ஆரோக்கியசாமி பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார். "நோன்பு வச்சிக்கிட்டு ஊத்துனதுல பாய் அசந்துட்டாரோ?" என்றார் மெல்ல.

அந்த வார்த்தையைக் கேட்ட உடனே நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஆரோக்கியசாமி ஆள் அனுப்பி பாயை வரவழைத்தார். பாய் துண்டை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார், கட்டைவிரலால் தேய்த்தார். "இது என் உலையில ஊத்துனது இல்ல" என்றார்.

ஆரோக்கியசாமி என்னைப் பார்த்தார். பாய் அவரைப் பார்த்தார். பிறகு இருவருமே என்னைப் பார்த்தார்கள்.

சொன்னேன். கடிதத்தை ரத்து செய்யாததையும், ஆரோக்கியசாமியிடம் பொய் சொன்னதையும் சொன்னேன். காதர் பாயின் முகம் சிவந்தது. கண்ணை மூடி இரண்டு தடவை ஏதோ ஓதிக்கொண்டார். "நோன்புல கோவப்படக் கூடாது சார். பெருநாள் கழிச்சுக் கோவப்படுறேன். இப்ப எத்தனை சொத்தைன்னு பாப்போம்" என்றார்.

தம்பிகளே, தங்கைகளே, நெருக்கடியில் நிதானம் என்று பயிற்சி வகுப்பில் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். நான் அதைப் பார்த்தது அந்த ஒரு நிமிஷத்தில்தான். என்னை ஓங்கி அறைந்திருக்க வேண்டிய மனிதர், மறுநாள் விடியலுக்கு எத்தனை அச்சு தயார் செய்ய வேண்டும் என்று கேட்டார். அந்த எண் தெரியாவிட்டால் மறுநாள் ஊற்ற முடியாது. மறுநாள் ஊற்றாவிட்டால் கடைய நாள் இல்லை. சொத்தையைப் பிரித்தெடுக்க ஒரே வழிதான் உண்டு. மூடியைக் கம்பியில் தொங்கவிட்டு, சின்னச் சுத்தியலால் தட்டி, சத்தத்தைக் கேட்க வேண்டும். நல்ல வார்ப்பு நீளமாக ஒலிக்கும், சொத்தை சட்டென்று அடங்கும். சந்தேகமான சத்தங்களைப் பிரித்துச் சொல்லக்கூடிய காது எங்களிடம் ஒன்றுதான் இருந்தது. அது அக்கரையில் பெருமாள் சேவையில் இருந்தது.

பாயோடு வந்திருந்த யூசுப் சைக்கிளை எடுத்தார். நான் கேரியரில் ஏறினேன். நோன்பாளி மிதிக்க, மூக்குப்பிடிக்க இட்லி தின்ற நான் பின்னால் உட்கார்ந்து போன வெட்கக்கேட்டை என்னவென்று சொல்ல! பாலக்கரை, சத்திரம் எல்லாம் தாண்டி காவிரிப் பாலத்துக்கு வந்தால் தலைதான் தெரிந்தது, தரை தெரியவில்லை. போலீஸ் வண்டிகளை நிறுத்திவிட்டது. யூசுப் அங்கேயே நின்றுகொண்டார். நான் கூட்டத்துக்குள் புகுந்தேன். கூட்டமே என்னைத் தூக்கிக்கொண்டு போனது. கோவிந்தா, ரங்கா என்ற கோஷத்துக்கு நடுவே நானும் என் பங்குக்கு, ரங்கராஜன் வீட்டில் இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டு போனேன்.

உத்தர வீதியில் அவர் வீட்டைக் கண்டுபிடித்தபோது அப்போதுதான் சேவித்துவிட்டு வந்திருந்தார். விடிவதற்கு முன்னமே சொர்க்கவாசலைக் கடந்தவர். தண்ணீர்கூடக் குடிக்காத விரதம். நான் மூச்சு வாங்கிக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன். உள்ளேயிருந்து அவர் மனைவி, "ஏகாதசியும் அதுவுமா மடியோட இருக்கறவர் அந்த இரும்பையெல்லாம் போய்த் தொடணுமா?" என்றார்.

"தொட்டுட்டு ஸ்நானம் பண்ணிட்டா போறது. காவேரியில ஜலம் ஓடறது" என்றார் ரங்கராஜன். என்னிடம் திரும்பி, "சாயங்காலம் கோஷ்டிக்கு நான் இங்க இருக்கணும். அதுக்கு நீங்க ஜவாப்தாரி" என்றார்.

கூட்டத்துக்கு எதிர்த் திசையில் பாலத்தைக் கடக்க நாங்கள் பட்ட பாட்டைச் சொன்னால் பொழுது போய்விடும். திருச்சிக் கரையில் யூசுப் ஒரு குதிரை வண்டியைப் பேசி நிறுத்தி வைத்திருந்தார்! கேட்காமலே செய்த காரியம். கேட்காமல் செய்வதிலும் இரண்டு வகை உண்டு என்று அப்போது புரிந்தது. எங்களை வண்டியில் ஏற்றிவிட்டு சைக்கிளில் முன்னால் பறந்தார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பேட்டையே அமைதியாக இருந்தது. ஆரோக்கியசாமி ஷெட் ஷெட்டாக ஏறி இறங்கி, ஒரு மணி நேரம் மோட்டாரை நிறுத்திவைக்கச் சொல்லி எல்லாரிடமும் கெஞ்சியிருக்கிறார். எல்லாரும் நிறுத்திவிட்டு எங்கள் வாசலில் வந்து நின்றார்கள்.

ஆரோக்கியசாமி மூடியைக் கம்பியில் தூக்கிப் பிடிக்க, பாய் சுத்தியலால் தட்ட, ரங்கராஜன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். சின்ன வயதிலிருந்து கோஷ்டியில் நின்று பாசுரம் சேவித்த காது. பத்துப் பேர் சேர்ந்து சொல்லும்போது ஒருவர் குரல் விலகினாலும் பிடித்துவிடும் காது. "ஆகும்." "ஆகும்." "ஆகாது." சில மூடிகளை இரண்டாம் முறை தட்டச் சொன்னார். ஆகாது என்ற சொல் வரும்போதெல்லாம் ஆரோக்கியசாமியின் தோள் தாழ்ந்தது. எங்களுக்கு டீ வந்தது. பாய்க்கும் யூசுப்புக்கும் நோன்பு, ரங்கராஜனுக்கு விரதம். ஆரோக்கியசாமி குடிக்க மறுத்துவிட்டார். அத்தனை டம்ளரும் என் முன்னால் ஆறிக்கொண்டிருந்தது.

நாற்பத்தொரு மூடி ஆகாது என்றாயிற்று. பாய் அவற்றைச் சம்மட்டியால் ஒவ்வொன்றாக உடைத்து முகம் பார்த்தார். முப்பத்தேழை ஒரு பக்கம் ஒதுக்கினார். நாலை எடுத்து எல்லாருக்கும் தெரிகிற மாதிரி பெஞ்சில் வைத்தார். "இந்த நாலு என்னோடது. மொத நாள் மணல் கொஞ்சம் ஈரம்" என்றார். யாரும் கேட்கவில்லை. அவர் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரிந்திருக்கவும் போவதில்லை.

ரங்கராஜனைக் கோஷ்டி நேரத்துக்கு முன்னால் ஸ்ரீரங்கத்தில் கொண்டுபோய் விட்டேன். நேரே அம்மாமண்டபத்துப் படித்துறைக்குப் போய் முழுகினார். மறுநாள் துவாதசி. விடியலில் பாய் ஊற்றினார். மத்தியானத்திலிருந்து ஆரோக்கியசாமியும் யூசுப்பும் ஒரே லேத்தில் மாற்றி மாற்றிக் கடைந்தார்கள். விரதம் விட்டுப் பாரணை முடித்த கையோடு வந்த ரங்கராஜன் ஒவ்வொன்றையும் தட்டித் தட்டிக் கேட்டார். மூன்றாம் நாள் என்ஜினீயர் வந்தார். குவியலின் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் உருவி எடுத்துச் சோதித்தார். ஒன்றைக்கூட ஒதுக்கவில்லை. "இதுல எந்த ஷெட் எதைச் செஞ்சுது?" என்று கேட்டார். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் காட்டினார்கள். அவர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். ஆரோக்கியசாமி அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு காட்டூருக்கு ஓடினார். நடந்தே போகிற தூரம்தான், ஆனால் அவர் ஓடினார்.

அந்தப் பேட்டை எப்படி வளர்ந்தது என்பதற்கு இன்று ஆயிரம் காரணம் சொல்வார்கள். நான் பார்த்ததைச் சொல்கிறேன். பழைய இரும்பு வியாபாரக் குடும்பத்தின் கை, சாமியார்களின் பள்ளிக்கூடத்தில் பழகிய கை, கோயில் கோஷ்டியில் தேறிய காது எல்லாம் ஒரே ஊரில் இருந்தன. மூன்று விதமான காலண்டரும் இருந்தன. என் நோட்டீஸ் அந்தக் காலண்டர்களைக் கூட்டி மொத்தமாகக் கதவைச் சாத்தியது. அவர்கள் அதே காலண்டர்களைப் பிரித்து வைத்து, ஒருவர் நிற்கும் நாளில் இன்னொருவரை ஓடவிட்டார்கள். வித்தியாசம் காலண்டரில் இல்லை. சாவியைக் கொடுக்க மனசு வர வேண்டும், அதற்கு நம்பிக்கை வேண்டும். அந்த நம்பிக்கைதான் அன்று என்னிடம் இல்லாமல் போனது.

பொங்கல் வந்தது, போனது. ரம்ஜான் பெருநாளும் வந்தது. பெருநாளுக்கு மறுநாள் காலை பத்து மணிக்குக் காதர் பாய் என் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார்.

"இன்னைக்கு நோன்பு இல்ல சார்" என்றார்.

அரை மணி நேரம் திட்டினார். அவர் கேட்ட ஒவ்வொரு கேள்வியும் நியாயம். நான் தலையைக் குனிந்துகொண்டே இருந்தேன். கடைசியில், "அந்த உப்பிலியபுரத்துக்காரரை உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

இதை நான் உங்களிடம்கூட இதுவரை சொல்லவில்லை. அவரிடமும் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"எங்க அம்மாவோட கூடப் பிறந்தவர்" என்றேன்.

பாய் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அப்ப, நோன்புக்காக இல்ல" என்றார்.

"இல்லை" என்றேன். அதுவரை அது எனக்கே தெரியாது. நோன்பை மதிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, கஷ்டம் வந்ததும் என் ஆட்களிடம் போயிருக்கிறேன். அவ்வளவுதான் விஷயம். எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

பாய் எழுந்து கதவைத் திறந்துவிட்டார். "அடுத்த ஆர்டர் பெருசு. என் ஒரு உலை போதாது. அவருக்கும் பாதி குடுங்க. அன்னைக்கு அவர் ஊத்துனதுல அறுபதுக்கு மேல தேறுச்சு, ஆளு வேலைக்காரர்தான். மணலைச் சரியாச் சலிக்கல, அவ்வளவுதான். நான் வந்து காட்டுறேன். கூட்டிட்டுப் போங்க" என்றார்.

மணல் சரியாகச் சலிக்காததால் முப்பத்தேழு மூடி சொத்தை என்று அன்றே மாமாவுக்கு எழுதினேன்; மறுவாரம் இருவரும் பஸ்ஸில் உப்பிலியபுரம் போனோம். மாமா பட்டறை வாசலுக்கு வந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தொப்பி போட்டிருந்தவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வாங்க, வாங்க. யாருப்பா, கூட வந்திருக்கறது?" என்றார்.

துறையின் ஆலோசகர் என்று சொல்லியிருக்கலாம். நண்பர் என்றும் சொல்லியிருக்கலாம். வழியெல்லாம் அப்படி எதையாவது சொல்வதாகத்தான் இருந்தேன்.

"காதர் பாய். நான் நம்பாமப் போன ஆளு, மாமா" என்றேன்.

மாமா துண்டைத் தோளில் போட்டார். உள்ளே போய்ச் சல்லடையை எடுத்துக்கொண்டு வந்து பாயின் கையில் கொடுத்தார்.